பரணுக்குப் போகக்கூடாத சட்டி

பாக்கியம் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் காலையில், அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது வந்தது. போனில் பேசியவர் அவருடைய கணவர் சேது அண்ணன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர். வயலில் நின்று அடுத்த வயல்காரரைக் கூப்பிடுகிற குரல்தான் அவருக்குப் போனிலும். அன்றைக்குக் குரல் எழும்பவே இல்லை. "தமிழம்மா, அவ போயிட்டாம்மா" என்றார். யாருண்ணே என்று கேட்டேன். அவர் வாயில் 'அவ' என்றால் உலகத்தில் ஒரே ஆள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

முந்தின வாரம் வரை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலாண்டு விடைத்தாள் திருத்தியவர். காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், பேப்பர் கட்டுக்குப் பயந்துதானே காய்ச்சல் வந்தது என்று வம்பிழுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். போனை வைத்த பிறகு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் வாடை வந்த பிறகுதான் குமிழைத் திருகினேன். பாத்திரத்தில் மிஞ்சிய பால் அடிப்பிடிக்காமல் இருந்தது. அது டீச்சர் பொறுக்கிக் கொடுத்த பாத்திரம். அந்த நேரத்தில் அது ஏன் என் கண்ணில் படவேண்டுமோ, பட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் அவரிடம் படித்தவர்கள், அல்லது எங்களோடு வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் முறைக்குச் சொல்லிவிடுகிறேன். வருகைப் பதிவேட்டில் பாக்கியலட்சுமி, விஞ்ஞான ஆசிரியை. நான் தமிழ் ஆசிரியை என்பதால் அவருக்கு நான் தமிழம்மா. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே வருஷம் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தோம். ஓய்வும் ஒன்றாகப் பெறுவதாக இருந்தோம். பாடத்தை விட்டால் அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு எவர்சில்வர் பாத்திரம். தனக்கு வாங்கிக் குவிக்கிற கிறுக்கு இல்லை. அடுத்தவர் வாங்கும்போது கூடவே போய்ப் பொறுக்குகிற கிறுக்கு. எங்கள் பள்ளியில் வேலை பார்த்த எந்தக் குடும்பமும் அவரில்லாமல் பாத்திரக்கடைப் படி ஏறியதில்லை.

வந்த புதிதிலேயே என் சாப்பாட்டு டப்பாவை அவமானப்படுத்தினார். மதியம் புளிச்சோற்றைத் தின்று முடித்தேன். டப்பாவின் அடியில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. நான் அதை மசாலா என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் எட்டிப் பார்த்தார். எழுந்து போய் ஆய்வகத்திலிருந்து லாடக் காந்தத்தை எடுத்துவந்து, டப்பா மூடியில் வைத்துத் தூக்கினார். மூடி காந்தத்தோடு வந்து, ஆசிரியர் அறை முழுக்கப் பார்க்கும்படி தொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அது என் கல்யாணச் சீரில் வந்த டப்பா என்றேன். "சீருக்கு எண்ணிக்கை பாத்து வாங்குவாக தமிழம்மா. சோறு வைக்கிறதுக்கு வாங்குறது வேற" என்றார். கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தினமும் தன் டப்பாவிலிருந்து பாதிப் பொரியலை என் மூடியில் வைத்துவிட்டு, பேசாமல் தின்றுகொண்டிருப்பார். பொரியல் நன்றாக இருந்தது. நான்தான் இறங்கி வர வேண்டியிருந்தது.

என் மகள் செல்விக்குக் கல்யாணம் முடிவானது. சம்பந்தி வீடு கடலாடி. நிலபுலம் உள்ள குடும்பம். எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தை மண்டபத்தில் பெஞ்சு போட்டு வரிசையாக அடுக்கி வைப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தாம்பூலம் போட்டுக்கொண்டே சுற்றி வந்து பார்ப்பார்கள். வரிசை குட்டையாக இருந்தால் பிறந்த வீட்டைப் பற்றி ஆயுசுக்கும் ஒரு பேச்சு இருக்கும். என் கைக்கு எட்டிய பணத்தில் வரிசை நீளமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை. டீச்சரோ ராமநாதபுரம் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பாத்திரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்றார். நடுத்தெருவில் நின்று சண்டை போட்டோம்.

கடைக்கார பாய் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். டீச்சரைக் கண்டாலே நெற்றியைத் தேய்ப்பார். "டீச்சரம்மா வந்தா என் கடையில பாதிச் சரக்கு ஃபெயிலு" என்பார். டீச்சர் பாத்திரத்தின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். அடியில் தடிமனாக ஒரு தகடு சேர்ந்திருக்கிறதா, அதன் ஓரம் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் மூடியிருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். எவர்சில்வருக்குச் சூட்டைப் பரப்பத் தெரியாது, தீ பட்ட இடத்தை மட்டும் கருக்கும், அதனால் நடுவில் செம்போ அலுமினியமோ வைத்த கனமான அடி வேண்டும் என்று பாய்க்கே பாடம் எடுப்பார். பிறகு கண்ணாடி மேசைமேல் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். ஆடினால் தள்ளிவிடுவார். விளிம்பை மடித்து உள்ளே பொள்ளலாக விட்டிருந்தால், அதற்குள் தண்ணீர் போய்த் துருவேறும் என்று அதையும் தள்ளுவார். கைப்பிடியைப் பிடித்துத் திருகுவார். ஓரிடத்தில் மட்டும் பற்றவைத்த கைப்பிடி என்றால், கொதிக்கிற சாம்பாரோடு ஒருநாள் கையில் வந்துவிடும் என்று பாயைப் பார்ப்பார். பாய் வேறு திசையில் பார்ப்பார்.

காந்தத்தை அதற்குள் அவரே கைவிட்டிருந்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் டப்பாவை அவ்வளவு பாடுபடுத்திவிட்டு இப்போது என்ன என்று கேட்டேன். காந்தம் ஒட்டினால் சமையலுக்கு மட்டமான சரக்கு என்று அந்தக் காலத்தில் சொல்ல முடிந்தது, ஒட்டாததெல்லாம் நல்லது என்று இப்போது சொல்ல முடியாது, வேறு எதையோ கலந்து ஒட்டாமலே செய்துவிடுகிறார்கள் என்றார். அதனால் ஒரு கிண்ணத்தை மட்டும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், புளியையும் உப்பையும் கரைத்து ஊற்றி மறுநாள் வரை வைத்துப் பார்த்தார். கறை விழவில்லை. அதற்குப் பிறகுதான் மற்றதை எடுக்க விட்டார். செல்வியின் சீர் வரிசை குட்டையாகத்தான் இருந்தது. மண்டபத்தில் நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சம்பந்தியம்மா சுற்றி வந்தார், சோற்றுப் பானையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை, இன்னொரு கையையும் கொடுத்தார். "ஆத்தாடி, நல்ல கனமாத்தான் குடுத்திருக்காக" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். டீச்சர் என்னைத் தேடிப் பிடித்து, வெளியே வந்து சாப்பிடுமாறு சொன்னார். அவ்வளவுதான். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீரே கொஞ்சம் உப்பு. ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்தவர், சமையல்கட்டில் நல்ல பாத்திரம் ஒன்றின் அடியில் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். தண்ணீரைக் குறை சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து நான் சமைப்பதைப் பார்த்தார். உலையில் தண்ணீர் ஊற்றியதும் வழக்கம்போல் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டேன். என் கையைப் பிடித்துவிட்டார். "இதுதான் திருடன். பச்சத் தண்ணியில போட்டா உப்பு அடியில போய் உக்காந்து பாத்திரத்தத் திங்கும். கொதிச்சதுக்கப்புறம் போடுங்க, கரைஞ்சிரும்" என்றார். எவ்வளவு நல்ல பாத்திரம் வாங்கினாலும் அந்தக் கொதி வருகிற வரைக்கும் பொறுமை இல்லாவிட்டால் காசு வீண் என்று அவர் சொன்னதை நான் மதித்தேன், ஆனால் கடைப்பிடிக்கவில்லை. எனக்குப் பொறுமை என்பது எப்போதுமே குறைவு. போட்டுவிட்டுத்தான் ஞாபகம் வரும்.

இனிமேல் சொல்லப்போகிற விஷயத்துக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற உறவுக்கும் சிநேகிதத்துக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார்கள். இறந்தவரின் பெயரும், இறந்த தேதியும், 'நினைவாக' என்ற சொல்லும் அதில் வெட்டியிருக்கும். எங்கள் தலைமையாசிரியருடைய தாயாருக்குத் தேவிபட்டினத்தில் கடலில் காரியம் செய்துவிட்டு ஆளுக்கொரு தூக்குச்சட்டி கொடுத்தார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். யாரோ சாய்ந்ததில் என் பைக்குள் இருந்த தூக்குச்சட்டி நசுங்கி, அந்த அம்மாவின் பெயரே உள்ளே போய்விட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. தன் மடியில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தமிழம்மா, இத யாராச்சும் அடுப்புல வைப்பாகளா?" என்று கேட்டார். வைக்க மாட்டார்கள் என்றேன். தேதியைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும், தகடும் காகிதம்போல் இருக்கிறது, நேராகப் பரணுக்குத்தான் போகும் என்றேன். "அந்த அம்மா எத்தன பேருக்குச் சோறு போட்டுச்சு. அது பேரக் கொண்டுபோய்ப் பரண்ல போட்டு வைக்கிறதுக்கு ஒரு சட்டி" என்றார். அந்தப் பயணத்தை நான் மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசியாக நாங்கள் ராமநாதபுரம் போனது இந்தக் கோடை விடுமுறையில். அவர்தான் கூப்பிட்டார். வேண்டியவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கப் பாத்திரம் எடுக்க வேண்டும், நீங்களும் வாங்க என்றார். யார் வீடு என்று கேட்டதற்கு, உங்களுக்கும் தெரிந்த வீடுதான், நேரம் வரும்போது சொல்கிறேன் என்றார். யாரோ புது வீடு கட்டியிருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பஸ்ஸில் அவருடைய கை வளையல் முழங்கை வரை இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. என்ன டீச்சர், பட்டினி கிடந்து இளைக்கிறீர்களா, எனக்கும் அந்த வித்தையைச் சொல்லுங்கள் என்றேன். வெயிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றார். இந்த வருஷம் அடிக்கடி மதுரைக்கும் போய்வந்தார். தங்கச்சி வீடு என்று சொன்னார். தங்கச்சி மேல் திடீரென்று என்ன அவ்வளவு பாசம் என்று அதையும் கேலி செய்தேன். நான் என்னென்ன கேலி செய்தேன் என்று இப்போது ஒவ்வொன்றாக நினைவு வந்து தொலைக்கிறது.

கடையில் வழக்கத்துக்கு மாறாக நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். வழக்கமாக பாய் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார், உட்கார்ந்து பார்த்தால் பாத்திரத்தின் அடி தெரியாது என்பார். இந்த முறை என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க பொறுக்குங்க. நீங்க உங்க வீட்ல தெனமும் சமைக்கிறதா இருந்தா எத எடுப்பீகளோ அத எடுங்க" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரைப்போலவே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன், அடியில் விரலை ஓட்டினேன், மேசைமேல் வைத்துத் தட்டினேன், விளிம்பைப் பார்த்தேன், கைப்பிடியைத் திருகினேன். கடைசியில் மூடியோடு ஒரு சட்டியை எடுத்தேன். ரொம்பப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. பால் காய்ச்சலாம், ரசம் வைக்கலாம், சின்னக் குடும்பத்துக்குக் குழம்பும் வைக்கலாம். நல்ல கனமான அடி. ஆயுசுக்கும் உழைக்கும் டீச்சர், இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

அவர் அதை வாங்கி மடியில் வைத்து ஒருமுறை தடவிப் பார்த்தார். "யாரு ஆயுசுக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். அதே மாதிரி நிறைய வேண்டும், எடுத்து ஒதுக்கி வையுங்கள், பெயர் வெட்டுவதைப் பிறகு சொல்கிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். விலையில் நான் பாயோடு மல்லுக்கு நின்று குறைத்தேன். வெளியே வந்து இருவரும் சர்பத் குடித்தோம். நீங்க பாஸாயிட்டீக தமிழம்மா, இனிமே நானில்லாமலே கடைக்குப் போகலாம் என்றார். அதையும் நான் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். வீடு நிறைய ஆட்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சாப்பாடு முடிந்தது. துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் எழுந்து நடக்க வேண்டும். வாசலில் சேது அண்ணன் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார். பை கையில் கனத்தது. அவ்வளவு கனமான பாத்திரத்தைக் காரிய வீட்டில் யாரும் கொடுப்பதில்லை. பைக்குள் கையை விட்டேன். முதலில் விரல் பட்டது அடியில். தகட்டின் ஓரம் இடைவெளி இல்லாமல் மூடியிருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. நான் பொறுக்கிய சட்டி.

எடுத்துப் பார்த்தேன். மூடிக்குக் கீழே விளிம்போரம் 'பாக்கியம்' என்று மட்டும் வெட்டியிருந்தது. தேதி இல்லை. நினைவாக என்ற சொல் இல்லை. வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். சாவுக்குக் கொடுக்கிற பாத்திரத்தைச் சாகப்போகிறவரை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு நான் சிரித்துச் சிரித்துப் பொறுக்கியிருக்கிறேன். விலை பேசியிருக்கிறேன். ஆயுசுக்கும் உழைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

சேது அண்ணன் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். பங்குனி மாதமே மதுரையில் சொல்லிவிட்டார்களாம். வயிற்றில் கட்டி, முற்றிப்போய்விட்டது என்றார்களாம். தங்கச்சி வீடெல்லாம் இல்லை, போய்வந்தது ஆஸ்பத்திரிக்குத்தான். என்னிடம் ஏன் அண்ணே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். அப்போது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஒங்ககிட்டச் சொல்லவே கூடாதுண்டு சத்தியம் வாங்கிட்டாம்மா. தமிழம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கேலி பேசுறத நிறுத்திரும், அப்புறம் நான் என்னத்துக்குப் பள்ளிக்கூடம் போறதுண்டா."

அந்த மனுஷி எனக்கு ஒரு நாள்கூட அழச் சந்தர்ப்பம் கொடுக்காமல், எல்லா அழுகையையும் மொத்தமாக என் தலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இது நியாயமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் கேட்க முடியாது.

கொஞ்ச நாள் கழித்து ராமநாதபுரம் போய் பாய் கடையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். கடைப் பையனை அனுப்பாமல் அவரே நாற்காலியை எடுத்துப் போட்டார், டீச்சர் உட்கார்ந்த அதே நாற்காலி. டீச்சர் மறுபடி தனியாக வந்து பெயர் வெட்டச் சொன்னதை அவர் சொல்லித்தான் கேட்டேன். யார் பெயர் என்று பாய் கேட்டிருக்கிறார். என் பெயர்தான் என்றிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்காகக் கொடுக்கப் போகிறார் என்று பாய் நினைத்துக்கொண்டார். "ரிட்டயராகுற தேதியப் போடவாண்டு கேட்டேன் தமிழம்மா. தேதியப் பாத்தா ஆளுக அடுப்புல வைக்கத் தயங்குவாக பாய், பேரு மட்டும் போதும்னாக. ரிட்டயர்மெண்டு தேதிக்கு எதுக்குத் தயங்கணும்? அங்கனயே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலையே" என்றார். பாத்திரத்தை வீட்டுக்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். மொட்டையடித்த தலையோடு சேது அண்ணன் கடை வாசலில் வந்து நின்றபோதுதான் பாய்க்கு விஷயமே தெரிந்திருக்கிறது. ஏமாந்துபோன நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வாடிக்கையாளர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சட்டி என் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன். அதில் சமைக்க வேண்டாம் அம்மா, துக்கத்தில் வந்தது என்று செல்வி போனில் சொன்னாள். அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னார்கள். பரணில் வைத்துவிடலாம் என்று ஒருநாள் முக்காலியைக்கூட எடுத்துப் போட்டேன். ஏறி, கையைத் தூக்கியபோது, அங்கே அந்த நசுங்கிய தூக்குச்சட்டி இருந்தது. உள்ளே போன அந்த அம்மாவின் பெயரோடு அப்படியே இருந்தது. எங்கள் டீச்சர் நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டு, வலியைக் காட்டாமல் என்னைப் பொறுக்கச் சொன்னது எதற்காக என்று அந்த முக்காலிமேல் நிற்கும்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர் சாவுக்குப் பயந்த மாதிரி தெரியவில்லை. தன் பெயர் பரணில் கிடப்பதற்குத்தான் பயந்திருக்கிறார். அதற்காகத்தான் எவளாலும் ஒதுக்க முடியாத ஒரு சட்டியைத் தேடியிருக்கிறார். எப்படிப்பட்டதை ஒதுக்க மாட்டார்கள் என்று என் கையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

இறங்கி வந்து சட்டியைக் கழுவினேன். ரசம் வைக்கலாம் என்று தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். பழக்க தோஷத்தில் கை உப்பு ஜாடிக்குள் போய்விட்டது. ஒரு கை கல்லுப்பை அள்ளியும் விட்டேன். அப்படியே நின்றேன். கையைப் பிடிக்க ஆள் இல்லை. உப்பைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பு முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எப்போதுமே குறைவான அந்தப் பொறுமையோடு, கொதி வருகிற வரைக்கும் நின்றேன். உள்ளங்கை வியர்த்து உப்பு கரையத் தொடங்கிவிட்டது. கொதித்தது. போட்டேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொதி வருகிற வரைக்குமான நேரம். தினமும் அடுப்படியில் அவரோடு நிற்க எனக்கு அது இருக்கிறது. உங்கள் வீட்டிலும் 'பாக்கியம்' என்று பெயர் வெட்டிய சட்டி ஒன்று இருக்கும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பரணில் இருந்தால் இறக்கி, இன்றைக்கே அடுப்பில் வையுங்கள்.